விளக்கத்தில் ஃபெயில்

"ஃபெயில்."

பியூலா மேடம் பேனாவை மூடி வைத்தார்.

பாஸ்கர் நாற்காலி நுனிக்கு வந்தான். புனே செமினரியில் மூன்று வருடமாகக் கிரேக்கத்தில் அவன்தான் முதல். இந்த வாய்மொழித் தேர்வு வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துத்தான் வந்திருந்தான்.

"எந்த வார்த்தை மேடம் தப்பு?"

"வார்த்தை எதுவும் தப்பில்ல. மொழிபெயர்ப்புக்கு முழு மார்க். விளக்கத்துலதான் ஃபெயில்."

மேஜைமேல் பைபிளின் அந்த ஒற்றை வசனம் கிடந்தது. சொந்த வீட்டாருக்காக முன்கூட்டியே யோசிக்காதவன், நம்பிக்கையே இல்லாதவனைவிட மோசமானவன். 'ப்ரோநோயெய்' என்றால் சும்மா கவனிப்பதல்ல, வரப்போவதை முன்னாடியே யோசித்துக் கவனிப்பது என்று வேர்ச்சொல் வரைக்கும் பிரித்துக் காட்டியிருந்தான்.

"இது யாருக்குச் சொன்னதுன்னு கேட்டேன். இன்னொரு தரம் யோசிச்சுச் சொல்லுங்க. மார்க்கை மாத்திப் போடறேன்."

"குடிகாரனுக்கு, சோம்பேறிக்கு, குடும்பத்தை அம்போன்னு விட்டுட்டு ஓடறவனுக்கு."

"வேற யாருக்கும் இல்லையா?"

"இல்ல மேடம்."

"அப்ப அக்டோபர்ல திரும்ப வாங்க. அதுவரைக்கும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டாம். பிரின்சிபால்கிட்ட பேசிட்டேன்."

"அக்டோபரா? நாளைக்கு ரயில்! கட்சிரோலி காட்டுல ஜனங்க பேசற பாஷையில ஒரு வசனம்கூட இல்ல. மொழிபெயர்ப்புக் குழு எனக்காகக் காத்திருக்கு. கிரேக்கம் பாஸ் பண்ணாம சேத்துக்க மாட்டாங்க."

"தெரியும்."

தெரிந்தேதான் கழுத்தை அறுக்கிறாரா? பாஸ்கர் எழுந்தே விட்டான்.

"போன வருஷம் அந்தக் குழு உங்களை வேண்டாம்னு சொன்னாங்களே, அந்த வயித்தெரிச்சலா?"

வாசலில் காத்திருந்த மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பியூலாவின் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

வெளியே வந்தவனிடம், "பாஸ் ஜாலாஸ் கா?" என்று மராத்தியில் கேட்டாள் உடன் படிக்கும் ராஜஸ்ரீ. அவளைத் தாண்டிக் குவார்ட்டர்ஸுக்கு விறுவிறுவென்று நடந்தான்.

ஏழு மாத வயிற்றோடு தரையில் உட்கார்ந்து, பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி பவுன்.

"ஃபெயில் பண்ணிட்டா அந்தம்மா! நாளைக்குப் போக முடியாது."

பவுனின் கையிலிருந்த புடவை நழுவியது. சுவரில் சாய்ந்து விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தாள்.

"அழாத. பொறாமை பிடிச்சவ அவ. இப்பவே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் குழுத் தலைவர்கிட்ட பேசறேன். பிரின்சிபாலையும் விடப்போறதில்ல."

"வேண்டாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவன் பேச்சுக்கு அவள் குறுக்கே பேசியதில்லை. பாஸ்கர் வாசலிலேயே நின்றான்.

"நிம்மதியில அழறேங்க நான்."

"என்ன உளர்றே?"

"ரத்தம் பட்டுக்கிட்டே இருக்கு, ரயிலேறினா ரெண்டு உயிருக்கும் ஆபத்துன்னு டாக்டர் சொன்னதை உங்ககிட்ட எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஊழியத்துக்குப் போறவங்களைக் கர்த்தர் பாத்துக்குவார்னு, புஸ்தகத்துலேர்ந்து தலையைத் தூக்காமலே சொன்னீங்க."

பவுன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மேடம்கிட்ட ஒரே ஒரு தரம்தாங்க சொன்னேன்."