மேல்கோட்டை வரைக்கும் போகுமா?

"ஒரு தடவை கரண்ட் ஏத்தினா நாப்பது மைல் ஓடும் சார்."

ஏஜெண்ட் பசவராஜ் வண்டியைத் தட்டிக் காட்டினார். வக்கீல் கேசவமூர்த்தி வண்டியைப் பாக்கல. சாட்சிக் கூண்டுல நிக்கிறவனைப் பாக்கிற மாதிரி ஏஜெண்ட் மூஞ்சியைத்தான் பாத்தார்.

"மேல்கோட்டை வரைக்கும் போகுமா?"

கதவுக்குப் பின்னாடி நின்ன அவர் சம்சாரம் ரங்கம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மேல்கோட்டையிலதான் வக்கீலோட அக்கா லக்ஷ்மம்மா இருக்கா.

வாசல்ல ரெண்டு வண்டி. ஒண்ணு பெட்ரோல் வண்டி, இன்னொண்ணு கரண்ட் வண்டி. விலை ரெண்டுக்கும் ஒண்ணுதான். மைசூருக்குச் சிவசமுத்திரத்துக் கரண்ட் வந்து ஆறேழு வருஷம்தான் ஆச்சு. சுவிட்சைப் போட்டுட்டு ரெண்டடி பின்னாடி நகர்ற ஊர் இது. கரண்ட்ல வண்டியே ஓடும்னா தெரு சும்மா இருக்குமா? மொத்தமும் வக்கீல் வாசல்ல நின்னுது.

லக்ஷ்மம்மா, புருஷன் போனப்புறம் மைசூர்ல பத்து வீட்டுல சமைச்சுப் போட்டு, தம்பியை வக்கீலுக்குப் படிக்க வச்சவ. அந்தப் பத்து வீட்டுல மூணு வீட்டுக்காரங்க இப்போ தம்பியோட கிளப்புல டென்னிஸ் ஆடறாங்க. அக்கா மலை மேல ஒண்டியா இருக்கா. கண்ணு மங்கிட்டே வருது. தீபாவளிக்குள்ள மைசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஒரு கண்ணையாவது காப்பாத்தலாம்னு டாக்டர் சொல்லிட்டார்.

இந்த வருஷம் மட்டும் நாலு கடுதாசு. நாலுலயும் ஒரே சேதி: 'வந்து அழைச்சிண்டு போடா, கேசவா.' நாலுக்கும் ஒரே பதில்: 'குதிரைக்குக் கால் வலி.' அந்தக் கால் வலிக் குதிரைதான் தினம் அவரைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போச்சு.

ஏஜெண்ட் நோட்டைத் திறந்து, தினசரி எங்கெல்லாம் போவீங்கன்னு விசாரிச்சார். கோர்ட்டு, தேவராஜ மார்க்கெட்டு, சாயங்காலம் கிளப்பு. எல்லாம் சேத்து ஏழு மைல் தாண்டல.

"அப்போ கரண்ட் வண்டிதான் சார். சத்தமில்ல, புகையில்ல. முன்னாடி நின்னு ஹேண்டிலைச் சுத்தி மணிக்கட்டை ஒடிச்சுக்க வேண்டாம்."

"அதெல்லாம் இருக்கட்டும். மேல்கோட்டை?"

"முப்பத்திரண்டு மைல். போயிடும் சார்."

"திரும்பறது?"

"அங்கே மறுபடி கரண்ட் ஏத்தணும்."

"மேல்கோட்டையில ஏது ஓய் கரண்ட்? பெருமாளே எண்ணெய் விளக்குலதான் இருக்கார்."

பசவராஜ் யோக்கியமான மனுஷன், ஏஜெண்ட்டுக்கு அது பெரிய குறை. மேல்கோட்டை போகணும்னா பெட்ரோல் வண்டி எடுத்துக்குங்க, காலையில கிளம்பினா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அக்காவோட வந்துடலாம்னு சொன்னார்.

வக்கீல் பெட்ரோல் வண்டியை மூணு சுத்து சுத்தினார். மலை ஏறுமான்னார். ஏறும்னார் ஏஜெண்ட். நடுவழியில நிக்குமான்னார். நிக்காதுன்னார். கண்ணு தெரியாதவங்க உக்காரச் சௌகரியப்படுமான்னார். படுத்துக்கிட்டே வரலாம்னார். ஒவ்வொரு பதிலுக்கும் வக்கீல் முகம் கேஸ் தோத்த மாதிரி தொங்கிட்டே போச்சு.

"அக்கான்னா எவ்வளவு கவலை பாரு"ன்னு தெருவுல ஒருத்தன் சொன்னான்.

ரங்கம்மா பின்கட்டு அறையை முந்தாநாளே கழுவி விட்டு, கட்டில் போட்டு வச்சிருந்தா. மெதுவா சொன்னா, "ஏன்னா, பெட்ரோல் வண்டியே இருக்கட்டுமே. அக்கா வரணுமோல்லியோ?"

"அக்காவுக்காகத்தானேடி இவ்வளவும் கேக்கறேன்." தெருக்கோடி வரைக்கும் கேட்டுது.

ஏஜெண்ட்டுக்கு இன்னொரு யோசனை வந்துது. போற வழியில பிரெஞ்சு ராக்ஸ்ங்கிற ஊர்ல அவர் மச்சான் அரிசி மில்லு வச்சிருக்கார். அங்கே கரண்ட் எடுக்கிற டைனமோ இருக்கு. போறப்ப ஒரு ராத்திரி, வர்றப்ப ஒரு ராத்திரி அங்கே கரண்ட் ஏத்திட்டா, கரண்ட் வண்டியிலேயே அக்காவை அழைச்சிட்டு வந்துடலாம்.

"நான் என்ன நெல்லா ஓய், மில்லு வாசல்ல காத்துக் கெடக்க?"

தெரு சிரிச்சுது. வக்கீல் சிரிக்கல. கரண்ட் வண்டிகிட்டப் போய் நின்னார்.

"முடிவாச் சொல்லும். மில்லு, மச்சான் எல்லாம் வேண்டாம். இந்த வண்டி தானா மேல்கோட்டை போய்த் திரும்பாது. அப்படித்தானே?"

"திரும்பாது சார்."

"எழுதிக் குடும்."

ஓடும்னு எழுதிக் கேட்டவங்களைப் பசவராஜ் நிறையப் பாத்திருக்கார். ஓடாதுன்னு எழுதிக் கேட்டவர் இவர்தான் முதல் ஆள். விலையை அடிக்கப் பாக்கறார்னு நெனச்சு, கம்பெனித் தாள்ல எழுதி, முத்திரை வச்சு நீட்டினார்.

வக்கீல் ரெண்டு தடவை படிச்சார். பத்திரமா மடிச்சார். அப்புறம், சொன்ன விலைக்கே கரண்ட் வண்டியை எடுத்துக்கிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலமே குதிரையைச் சந்தைக்கு அனுப்பச் சொல்லிட்டார். வண்டிக்காரன் ஜடையன் கயித்தை அவுத்துக்கிட்டே ரங்கம்மாகிட்ட சொன்னான்:

"வாங்கறவங்க கேட்டா என்னம்மா சொல்ல? மூணு வருஷமா இதுக்கு ஒரு நாளும் கால் வலிச்சதில்ல."

உள்ளே மேஜை மேல, தபாலுக்குத் தயாரா, வக்கீல் எழுதின கடுதாசு காஞ்சுட்டு இருந்துது. ரங்கம்மா போய்ப் படிச்சா.

'அக்கா, இதை யாரையாவது வாசிச்சுச் சொல்லச் சொல்லு. உன்னை அழைச்சிண்டு வரணும்னுதான் புது வண்டியே வாங்கினேன். அது அங்கே வந்து திரும்பாதுன்னு கம்பெனிக்காரரே எழுதி முத்திரை வச்சுக் கொடுத்துட்டார், பத்திரம் இதோட இருக்கு. கவலைப்படாதே, மேல்கோட்டைக்குக் கரண்ட் வந்த அன்னிக்கே வரேன்.'