பூட்டிய அறிக்கையில் ஒரு வரி

"கவனக்குறைவால் குறையைப் பதிவு செய்யத் தவறிவிட்டேன்" என்று தட்டச்சாகி வந்திருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

புதிதாகச் செய்த பெயர்ப்பலகையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, மேலாளர் தாளை அவள் பக்கம் தள்ளினார். பேனாவையும் மேலே வைத்தார். மூடி கழற்றிய பேனா. அவ்வளவு அவசரம்.

தையல் பயிற்சி மையத்தின் மாடிக் கைப்பிடி போன திங்கட்கிழமை பெயர்ந்து விழுந்தது. அதில் சாய்ந்து நின்ற தையல் ஆசிரியையும் கூடவே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி அவர் தையல் இயந்திரத்தை மிதிப்பது சந்தேகம் என்கிறார்கள்.

அந்த மாடிக்கு நிதியுதவி கொடுத்தது இந்த அலுவலகம். கட்டி முடிந்ததும் போய்ப் பார்த்து அறிக்கை எழுதியவள் அவள். அறிக்கையில் கைப்பிடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யார் தலையை உருட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சொன்னேன் என்றாள். யாரிடம் என்று கேட்டார் மேலாளர். மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவரைக் கை காட்டினாள்.

அவருக்கு அலுவலகத்தில் சாவி என்று பெயர்.

மேலாளர் ஒப்புதல் கொடுத்த நொடியில் மென்பொருள் அறிக்கையைப் பூட்டிவிடும். திரையில் குட்டியாக ஒரு பூட்டுப் படம் வந்து உட்காரும். அதற்குப் பிறகு ஒரு புள்ளி வைப்பதென்றாலும் சாவிதான் திறந்துவிட வேண்டும். லேசில் திறக்க மாட்டார். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தப்பு என்று வந்தவர்களையே, போய்ப் புது விண்ணப்பம் போடுங்கள் என்று விரட்டியவர்.

ஒப்புதலான மறுநாள், மறந்து வைத்துவிட்டு வந்த குடையை எடுக்க மையத்துக்குப் போனபோதுதான் அவள் அந்தக் கைப்பிடியில் கை வைத்தாள். அது அவள் கையோடு சேர்ந்து ஆடியது. முதல் தடவையே ஏன் அசைத்துப் பார்க்கவில்லை என்று அன்றைக்கே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

நேரே சாவியிடம் ஓடினாள். 'மாடிக் கைப்பிடி ஆடுகிறது, திறக்க வேண்டாம்.' இந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும், மாடியைத் திறக்கும் அனுமதிக் கடிதம் போகாது என்று கெஞ்சினாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பூட்டியது பூட்டியதுதான், அடுத்த ஆய்வில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுத்தில் கேட்கட்டுமா என்றாள். எதற்கு வீண் வேலை என்றார்.

அந்த இடத்தில்தான் ஏமாந்தாள். வாயால் கேட்டதோடு வந்துவிட்டாள். மேலாளரைப் பார்க்கலாம் என்று போனால், யாரோடும் பேச நேரமில்லை என்று உதவியாளர் கதவிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

தையல் ஆசிரியையிடம் தொலைபேசியில் சொன்னாள். இரண்டே நாளில் அனுமதிக் கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. கடிதமே வந்துவிட்டது, நீ சும்மா பயந்திருக்கிறாய் என்று அவர் கூப்பிட்டுச் சிரித்தார். அவளும் சரியென்று வேறு வேலையில் விழுந்தாள். அந்தச் சிரிப்புதான் இப்போது அவளைத் தின்கிறது.

தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று சாவி கண் இமைக்காமல் சொன்னார். கேட்டிருந்தாலும் நடந்திருக்காது, பூட்டிய நாளிலிருந்து அந்த அறிக்கையை யாரும் தொட்டதே இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

மேலாளர் பேனாவை இன்னும் ஒரு விரற்கடை தள்ளினார்.

அவள் பேனாவை எடுத்தாள். கீழே வைத்தாள்.

"யாருமே தொடலைன்னா அதோட ஹிஸ்டரியைத் திறந்து காட்டச் சொல்லுங்க சார். பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

எந்த அறிக்கையை எப்போது யார் திறந்தார்கள், எதற்குத் திறந்தார்கள் என்று மென்பொருள் தானாகவே குறித்துவைக்கும் பக்கம் அது. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவளும் எதையும் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. அந்த ஆளைக் கொஞ்சமாவது வேலை வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரமாகும் என்றார் சாவி. இணையம் மெதுவாக இருக்கிறது என்றார். காட்டித் தொலையுங்கள், இன்றோடு இது முடியட்டும் என்று மேலாளரே தன் கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

சாவியின் முகத்தில் ஈயாடவில்லை. மேலாளரை ஒரு பார்வை பார்த்தார், எதையோ நினைவுபடுத்துகிறவர்போல. மேலாளருக்கு ஒன்றும் நினைவு வரவில்லை.

பக்கம் திறந்தது. பூட்டிய விவரம் ஒரு வரி. அதன் கீழே இன்னொரு வரி.

அவள் கெஞ்சிவிட்டுப் போன அதே நாள். மூன்று மணிக்கு அவள் வெறுங்கையோடு திரும்பினாள். மூன்று இருபதுக்குப் பூட்டு திறந்திருக்கிறது. நான்கு நிமிடம் திறந்தே கிடந்து, மறுபடி பூட்டியிருக்கிறது. திறந்தவர் சாவி.

காரணம் என்ற கட்டத்தில் விதிப்படி தெளிவாக எழுதியிருந்தார். 'மேலாளர் கேட்டுக்கொண்டபடி, அவர் பெயருக்கு முன்னால் முனைவர் என்று சேர்க்க.'

பட்டம் வாங்கிய சூட்டில் இன்னும் எங்கெங்கே சேர்க்கச் சொன்னாரோ, மேலாளருக்கே மறந்துவிட்டது.

அவள் இரண்டு தரம் படித்தாள். அவளுடைய வரிக்கு ஐந்தே சொற்கள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

பேனாவை மூடித் தாளின் மேல் வைத்து, இரண்டையும் மேலாளர் பக்கமே தள்ளினாள்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. சாவி பக்கம் குனிந்து, அந்தக் கடைசி வரியை எடுத்துவிட வழியிருக்கிறதா என்று மெல்லக் கேட்டார்.

"அதை மட்டும் என்னால திறக்க முடியாது சார்."