சந்தைக்கு வராத வாசனை

“ம்ஹும், இதுவும் இல்லைங்க” என்று முகர்ந்து பார்த்த காகிதப் பட்டையை மேஜை மேல் வைத்தாள் அந்தப் பெண்.

இதோடு பன்னிரண்டு சென்ட் ஆயிற்று. கடையில் எல்லோரும் ‘மூக்கு’ என்று கூப்பிடும் அந்த விற்பனையாளனுக்கு ஏசியிலும் வியர்த்தது. ‘இன்னும் ஒருத்தர் தேடி வந்தது கிடைக்கலைன்னு திரும்பிப் போனா, நாளையிலேர்ந்து உனக்குக் குடோன்தான்’ என்று மேனேஜர் காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தார். மனுஷர் இப்போதும் தூணோரம் நின்று இவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கும், இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்.”

“பழ வாசனைதான். ஆனா தித்திப்பு கிடையாது. பச்சையா, மரப்பட்டையைக் கீறின மாதிரி.” கொஞ்சம் தயங்கிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே மடித்த கர்ச்சீப். “இதுல ஒட்டியிருக்கு, பாருங்க.”

முதலிலேயே கொடுத்துத் தொலைத்திருக்கலாம். அவன் கிண்ணத்திலிருந்த காபிக்கொட்டையை முகர்ந்து மூக்கைச் சுத்தம் செய்துகொண்டான். பிறகு கண்ணை மூடி, கர்ச்சீப்பை மெல்ல மோந்து பார்த்தான். போன உயிர் திரும்பி வந்தது.

“எடுத்தவுடனே அத்தி இலையைக் கசக்கின பச்சை. அப்புறம் காம்பைக் கிள்ளினா வர்ற பாலோட கசப்பு. பழம் சும்மா எட்டிப் பார்த்துட்டு ஓடிடும். கடைசி வரைக்கும் நிக்கிறது காய்ஞ்ச கட்டை வாசனைதான். சரியா?”

“அதேதான். ஒரு பாட்டில் குடுங்க.”

“அதுலதான் சிக்கல். இது இன்னும் விற்பனைக்கே வரலை மேடம். எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட அபிப்பிராயம் கேட்க சாம்பிள் அனுப்புவாங்க. இந்த ஊருக்கே வந்தது ஒரே ஒரு பாட்டில்.”

“நிச்சயமா தெரியுமா?”

“என் மூக்கு மேல சத்தியம்.”

“அந்த பாட்டில் இப்ப யார்கிட்ட இருக்கு?” அவள் மேஜை மேல் குனிந்து அவசரமாகக் கேட்டாள். ஒரு சென்ட் மேல் இவ்வளவு ஆசையா, பாவம் என்று அவனுக்கு இரக்கமாகப் போய்விட்டது.

“என் ஒய்ஃப்கிட்ட” என்றான் பெருமை பொங்க. “கல்யாணமாகி பதினொரு வருஷத்துல நான் குடுத்து அவ முகம் மலர்ந்து வாங்கிக்கிட்டது இது ஒண்ணுதான். பொத்திப் பொத்தி வெச்சிருக்கா. வீட்டுல தொடவே மாட்டா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தையல் கிளாஸ் போறப்ப மட்டும் லேசா அடிச்சுப்பா.”

அவள் கர்ச்சீப்பை வாங்கி மேஜை மேல் வைத்து மடித்தாள். அதற்குள் மேனேஜரே பக்கத்தில் வந்துவிட்டார்.

“தேடி வந்தது கிடைச்சுதா மேடம்?”

“கிடைச்சுதுங்க. உங்க ஆளு ரொம்பக் கெட்டிக்காரர்.”

மேனேஜர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தார். குடோன் கண்டம் தப்பியது என்று அவன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

அவள் எழுந்தாள். கர்ச்சீப்பை அவன் பக்கமே தள்ளினாள்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமையானா ஆபீஸ்ல மீட்டிங்னு சொல்லிட்டு லேட்டா வர்ற என் வீட்டுக்காரரோடது.”