நோர்வேச் சம்பந்தம்

“ஆள் இரும்பு வேலை செய்தவர் அம்மா. அவற்ர கைவேலையைப் பாத்தால் நீங்களே அசந்துபோவியள்” என்றாள் றொஷினி.

அக்னெஸ் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஆராய்ச்சி என்று நோர்வேக்குப் போன மகள் டோர்வல் விமான நிலையத்தில் வந்திறங்கி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. பெட்டி இன்னும் வீட்டுக்குள் வந்து சேரவில்லை, அதற்குள் ஓர் ஆம்பிளையின் கதை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஜெனாட் தன் மகன் டெனிஸ்டனோடு பொம்பிளை பார்க்க வருகிறாள். “என்ர பிள்ளைக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லை” என்று கோயில் வாசலில் நின்று அவளிடம் சொன்னவள் இதே அக்னெஸ்தான். மகளிடம் இன்னும் மூச்சே விடவில்லை.

“இப்ப என்ன வேலை?”

“இப்ப ஒரு வேலையும் இல்லை. ஆனா சொந்தமாச் சாமான்கள் வைச்சிருக்கிறார். சுத்தியல், குறடு, அரம்.”

வேலை இல்லாதவனுக்குக் குறடு ஒரு கேடா? அக்னெஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“வேதக்காரரோ?”

“கழுத்தடியில ஒரு சிலுவையும் கிடந்தது, அவையின்ர பழைய சாமியின்ர சுத்தியலும் கிடந்தது. எதைக் கும்பிட்டாரெண்டு தெரியேல்லை.”

“வயசு?”

றொஷினி யன்னல் சீலையை விலக்கி வெளியே பார்த்தாள். சிரிப்பை மறைக்கத்தான் முகத்தைத் திருப்புகிறாள் என்று அக்னெசுக்குப் பட்டது.

“கொஞ்சம் கூடத்தான் அம்மா. ஆயிரத்து நூறு வரும்.”

போனை நீட்டினாள். படத்தில் ஒரு குழி. குழிக்குள் நாலைந்து எலும்பு, பக்கத்தில் துருப்பிடித்த சுத்தியலும் குறடும் அரமும். வைக்கிங் காலத்துக் கொல்லனாம். பாவித்த சாமான்களோடேயே ஆளைப் புதைத்திருக்கிறார்களாம். இவர்கள் தோண்டி எடுத்தார்களாம்.

அக்னெசுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. மகளின் முதுகில் ஒன்று போட்டாள்.

“விசரி! ஜெனாட்டுக்கு என்ன பதில் சொல்லுறதெண்டு நான் இஞ்ச செத்துப் பிழைக்கிறன்!”

ஜெனாட் வரும் கதை முழுவதும் அந்தச் சூட்டிலேயே வெளியே வந்துவிட்டது. றொஷினி கோபிக்கவில்லை. தாயின் தோளில் நாடியை வைத்தாள்.

“சரி, கொல்லனை விடுவம். உங்கட மருமகனுக்கு என்னென்ன இருக்கோணும்? சொல்லுங்கோ.”

அக்னெசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் தெளிந்த சந்தோசத்தில் வாய்க்குக் காவல் இல்லாமல் போனது.

“எந்த ஊரெண்டாலும் பரவாயில்லை, எந்தச் சாமியெண்டாலும் பரவாயில்லையடி. ஆள் உயிரோட இருந்தாக் காணும்!”

றொஷினி போய் வாசல் கதவைத் திறந்தாள்.

“அப்பச் சரியம்மா. நோர்வேயிலயிருந்து என்னோட வந்த லார்ஸ் காருக்குள்ள உயிரோடதான் இருக்கிறார்.”