பதினோரு தடவை போன ஊர்

“பார்சிலோனா மட்டும் வேண்டாம்” என்றார் பர்னபாஸ், ஐந்தாவது தடவையாக. டிராவல்ஸ் ஆபீசின் ஏசிக் குளிரிலும் அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது.

பக்கத்து நாற்காலியில் பிளாரன்ஸ் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு புருசன் முகத்தையே பார்த்தாள். இருபத்தெட்டு வருசம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்த மனுசன். பார்சிலோனாவுக்கு மட்டும் பதினோரு தடவை போய் வந்தவர். அந்த ஊர் பேரை எடுத்தாலே வாய் மூடாதவர், இன்றைக்கு வேண்டாம் என்கிறார்.

கல்யாணமாகி முப்பது வருசம் ஆகிறது என்று கத்தாரில் நர்சாக இருக்கிற மகள் ஏற்பாடு பண்ணியது இது. ஐரோப்பாவில் ஒரே ஒரு ஊர், ஒரே ஒரு வாரம். பார்சிலோனாவா, வியன்னாவா என்று இன்றைக்குச் சாயந்தரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

“வியன்னாவே போடும்மா” என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சுடலைச்செல்வியிடம். “அரண்மன இருக்கு, குதிர வண்டி இருக்கு. சத்தம் சந்தடி இல்லாத ஊரு.”

“அங்கயும் போயிருக்கியளா அண்ணாச்சி?”

“அங்க ஏது கடலு, கப்பல் போறதுக்கு? படத்துல பாத்ததுதான்.”

“கடல் இல்லாத ஊருக்கா?” பிளாரன்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆழ்வார்திருநகரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு, கடல் காத்தே வரலன்னு பந்தியில பாதியில எந்திரிச்ச ஆளும்மா இவிய!”

அவளுக்கு ஆசை பார்சிலோனாதான். அதுவும் அவர் மூட்டின ஆசை. லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த ஊரை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து வீட்டில் இறக்குவார். நடுவில் ஜனம் நடக்க, ரெண்டு பக்கமும் பூக்கடை போட்ட தெரு. நூறு வருசத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டே இருக்கிற கோயில். அந்தக் கோயில் முக்கில் காப்பிக்கடை வைத்திருக்கிற மார்த்தா. ‘என்னயக் கண்டா போதும், கல்லாவ விட்டு எந்திரிச்சு வந்திருவா’ என்பார்.

வீட்டுச் சுவரில் பார்சிலோனா போட்டோ நாலு தொங்குகிறது. நாலிலும் பர்னபாஸ் கப்பல் கம்பியில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார். ஊர் அவர் தோளுக்குப் பின்னால், தீப்பெட்டி அடுக்கின மாதிரி, குட்டியாகத் தெரிகிறது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பிளாரன்ஸ்தான் விரல் வைத்துக் காட்டுவாள்.

சுடலைச்செல்வி குறும்பாக ஏறிட்டுப் பார்த்தாள். “அண்ணாச்சி இந்தப் பயம் பயப்படுதத பாத்தா, அங்க யாரோ வழிய மறிச்சிட்டு நிக்காவ போலுக்கே!”

பிளாரன்சும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஏங்க, மார்த்தாவுக்கு இப்ப என்ன வயசிருக்கும்?”

“எந்த மார்த்தா?”

“எந்த மார்த்தாவா? உங்க காப்பிக்கடை மார்த்தா.”

“ஓ, அவளா... அவ கடையத் தூக்கிட்டால்லா.”

“போன கிறிஸ்மசுக்கு எங்க அத்தான்கிட்ட, இன்னும் கடை ஓடுதுன்னு சொன்னிய?”

“அதுக்குப் பொறவுதான் தூக்கினா.”

“நீங்க வேலைய விட்டே நாலு வருசமாச்சு. கடையத் தூக்கினத உங்களுக்கு யாரு வந்து சொன்னா? போன்ல பேசுதியளோ?”

பர்னபாஸ் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். சுடலைச்செல்வி முகத்தைக் கம்ப்யூட்டருக்குள் புதைத்துக்கொண்டாள். காது மட்டும் இங்கேயேதான் இருந்தது.

கப்பல்காரன் பெண்டாட்டி என்று பிளாரன்சை எத்தனை பேர் கேலி பேசியிருக்கிறார்கள். ‘ஊருக்கு ஒண்ணு வச்சிருப்பாரு, பாத்துக்க’ என்று பக்கத்து வீட்டு அனுசியாக்கா முகத்துக்கு நேரேயே சொன்னாள். அன்றைக்கெல்லாம் சந்தேகம் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது, தலை நரைத்த பிறகு வந்து உட்கார்ந்துகொண்டது.

“பார்சிலோனாவே போடும்மா” என்றாள். “அந்த மார்த்தாவ நான் ஒரு தடவ பாக்கணும்.”

சுடலைச்செல்வியின் விரல் இறங்குவதற்குள், பர்னபாசின் காய்த்துப்போன கை குறுக்கே வந்து கீபோர்டை மூடியது.

“பொறு தாயி.” பெண்டாட்டி பக்கம் திரும்பினார். “ஏளா, மாதா மேல சத்தியமா, மார்த்தான்னு ஒருத்தி கெடையாது.”

“கெடையாதா? அப்ப இத்தன வருசமா உங்களுக்குக் காப்பி ஊத்திக் குடுத்தது யாரு?”

“யாரும் ஊத்தல.”

“எனக்குப் பொய் சொல்லாதிய. கண்ணப் பாத்து உள்ளதச் சொல்லுங்க. நான் அழ மாட்டேன்.”

சொன்னாளே தவிர, கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் மனுசன் ஆடிப்போனார். அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ரகசியம் போலத்தான் சொன்னார். ஆனால் கப்பலில் கத்திப் பழகின தொண்டை. வாசலில் நின்ற வாட்ச்மேன் வரைக்கும் கேட்டது.

“பதினோரு தடவையும் என்னயக் கப்பல விட்டு எறங்கவே விடலளா.”