துவைக்காத சட்டை

"துவைக்காத சட்டையா இருக்கணும் ஐயா. உங்க மகன் போட்டுக் கழட்டினது ஏதாவது வீட்டுல இருக்குமா?"

கால்நடை டாக்டரம்மா தயங்கித் தயங்கித்தான் கேட்டார். ஆட்டுக்காரர் நாய் பிடிக்க வைத்த கூண்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வைத்த கறி இன்றைக்கும் சீந்துவாரில்லாமல் ஈ மொய்த்துக் கிடந்தது.

"வயித்துக்கு மசியாத நாய் வாசனைக்கு மசியும். பழகினவங்க துணியைப் போட்டா கூண்டுக்குள்ள வந்துடும். தொலைஞ்சு போன நாய்ங்களை இப்படித்தான் பிடிக்கிறோம்."

ஆடுகளைக் கடித்துத் திரிந்த காட்டு நாய்க் கூட்டத்தில் மற்றவையெல்லாம் கறிக்கு ஆசைப்பட்டு இதே கூண்டில் விழுந்து, வண்டியேறிப் போய்விட்டன. செவலை என்ற நாய் மட்டும் கண்ணில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. மேட்டில் வந்து நின்று வீட்டையே பார்க்கும். ஆள் எழுந்தால் ஓடிவிடும்.

"நோட்டம் பாக்குது," என்றார் ஆட்டுக்காரர். "நாம அசந்த நேரத்துல பட்டிக்குள்ள பாயறதுக்கு."

"மத்ததுங்க போனப்புறம் ஆடு எதுவும் சாகலையே?"

"சாகும். சினை ஆட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு ரத்த வாயோட இது நின்னதை என் கண்ணால பாத்தேன். ஆடு போனாப் போகுது, டாக்டரம்மா..."

ஆட்டைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருந்தது. செவலை இந்த வீட்டில் வளர்ந்த நாய்தான். சோறு வைத்தது இவர். ஆனாலும் குட்டியாகத் தூக்கி வந்தவன் மகன் என்பதால், அது அவன் நாய் என்றே வீட்டில் பேச்சு. அவன் பைக் பின்னாலேயே ஓடும். ஒரு நாள் பின்னால் ஓடாமல் குறுக்கே ஓடிவிட்டது. அதன்மேல் ஏற்றக் கூடாதென்று மகன் பைக்கைத் திருப்பினான். நாய் பிழைத்துக்கொண்டது.

மகனை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பிய அன்று, வாசலில் வாலாட்டிக்கொண்டு வந்த செவலையைக் கம்பால் அடித்தே விரட்டினார் ஆட்டுக்காரர். அது காட்டுக்குப் போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. அந்த அடிக்குப் பழி தீர்க்கத்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவர் நினைப்பு. யார் சொல்லியும் கேட்கிற ஆள் இல்லை அவர்.

மகனுடைய சட்டை ஒன்றை மனைவி துவைக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருப்பது அவருக்குத் தெரியும். கேட்டால் அழுது தீர்ப்பாள் என்று பயந்துகொண்டேதான் வீட்டுக்குள் போனார். அவளோ அழவேயில்லை. உள்ளே போனாள், ஒரு பையில் சுருட்டிக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டாள். பெற்றவள் இவ்வளவு சீக்கிரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டாளே என்று அவருக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது.

பையைத் திறந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. டாக்டரம்மாவிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சட்டையைக் கூண்டின் உள்கோடியில் விரித்த டாக்டரம்மா மூக்கைச் சுளித்தார். "ஆட்டு மருந்து நெடி அடிக்குதே."

"இந்த வீட்டுல எதுலதான் அடிக்கல? நாங்க திங்கிற சோத்துலயும் அதே நெடிதான்."

இருவரும் தீவனக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்தபோது செவலை வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. நின்று காற்றை மோந்தது. தொங்கிக் கிடந்த வால் மெல்ல ஆடத் தொடங்கியது. கூண்டை அது சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய்ச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்தது. கதவு விழுந்த சத்தத்துக்கும் தலையைத் தூக்கவில்லை.

டாக்டரம்மா மருந்துப் பெட்டியைத் திறக்காமல் அவர் பக்கம் திரும்பினார். "உங்க மகன் மேல உசுரையே வச்சிருக்குய்யா. கொல்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவை யோசிங்க. கட்டிப்போட்டு வளக்கலாம். முடியலைன்னா நான் கொண்டுபோறேன்."

"அதனாலதான் என் புள்ள போனான். ஊசியைப் போடுங்கம்மா. வளத்தவன் நான் சொல்றேன்."

அவர் கூண்டருகே வந்ததும் செவலை வாலால் தரையைத் தட்டியது. அவர் பார்க்காததுபோல் நின்றார். ஊசி ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் அந்த வால் தட்டிக்கொண்டே இருந்தது.

முகத்துக்கு அடியில் கிடந்த சட்டையை உருவ மனம் வராமல், டாக்டரம்மா அப்படியே சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மேட்டோரம் ஆட்டுக்காரரே குழி வெட்டினார். இத்தனை நாள் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சாக்கை உள்ளே இறக்கியபோது மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அவன் சட்டையும் இதோடயே இருக்கட்டும், புள்ள. கோவிச்சுக்காத," என்றார். "நான் அடிச்சு விரட்டினவன், எம்மேல அதுக்கு என்ன பாசம் இருக்கப்போவுது? அவன் வாசனைக்குத்தான் வந்துச்சு. அவன்கிட்டயே போகட்டும்."

அவள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் சட்டை பீரோவுலதாங்க இருக்கு. அதை எடுத்துக் குடுக்க எனக்கு மனசு வரலை."

மண்வெட்டி அவர் கையில் அப்படியே நின்றது. "அப்ப இது?"

"நீங்க நேத்துக் கழட்டிப் போட்டதுங்க."