கூட வந்தவர்

“என்னங்க, நெஞ்சை என்னமோ பண்ணுது.”

அம்புஜம் சொல்லி முடிப்பதற்குள் உத்தமன் பேப்பரை மடித்துவிட்டார். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் அவர்கள் இருக்கும் அபார்ட்மெண்டின் இதய நலக் குழுவுக்கு அவர்தான் தலைவர். போன ஞாயிற்றுக்கிழமைகூட மொட்டைமாடியில் படம் போட்டுக் காட்டிப் பேசியிருந்தார். இதயத்தைப் பற்றி இதயத்துக்கே தெரியாத விஷயங்களெல்லாம் அவருக்குத் தெரியும்.

“எப்படி வலிக்குது? குத்தற மாதிரியா, பாரம் வச்ச மாதிரியா?”

“பாரம் வச்ச மாதிரி.”

“தாடை? முதுகு? பொம்பளைங்களுக்கு அங்கேயும் வரும்.”

“அங்கேயும் இருக்குங்க.”

“பார்த்தியா! நான் சொன்னது அப்படியே இருக்கு!” கவலைக் குரலில் கொஞ்சம் பெருமையும் ஒட்டிக்கொண்டிருந்தது. “இந்தா, ஆஸ்பிரின். முழுங்கக் கூடாது. மெல்லணும்.”

“மாத்திரையை மெல்றதா? எப்படிங்க?”

“இதையும் நானே காட்டணுமா?” ஒன்றை வாயில் போட்டு நறநறவென்று மென்று காட்டினார்.

கார் சாவியை எடுத்தவரைத் தடுத்தாள். “பார்க்கிங் தேடியே என் உயிர் போயிடும். வாசல்லயே ஆட்டோ நிக்குது.”

ஆட்டோவில் சொற்பொழிவு தொடர்ந்தது. “சர்க்கரை, பிரஷர், சிகரெட், பரம்பரை... இதுல ஒண்ணு இருந்தாலே உஷாரா இருக்கணும். ரத்தக்குழாய் அடைச்சா ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.” டிரைவரின் தோளைத் தட்டி, கொஞ்சம் சீக்கிரம் போகும்படி கன்னடத்தில் விரட்டினார். “ஸ்வல்ப பேக ஹோகப்பா!”

“உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?”

“பெண்டாட்டிக்கு நெஞ்சு வலின்னா மனுஷனுக்கு வேர்க்காதா?”

அவசரப் பிரிவில் நுழைந்ததுமே அம்புஜம் நர்ஸின் காதில் என்னவோ சொன்னாள். வெட்கப்படுகிறாள் என்று உத்தமன் நினைத்துக்கொண்டார்.

“ஈ.சி.ஜி.ன்னா பயமா இருக்குங்க. ஷாக் அடிக்குமா?”

“மானத்தை வாங்காதே! குழுத் தலைவர் பெண்டாட்டி பேசற பேச்சா இது?” சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார். “சிஸ்டர், எனக்கு எடுத்துக் காட்டுங்க, அப்பத்தான் இவ படுப்பா. முதல் ஒயர் இங்கே வரணும், கரெக்டா?”

டாக்டர் தீபிகா வந்து, மெஷினிலிருந்து வந்த காகிதத்தைப் பார்த்தார்.

“முடிஞ்சுதா? அம்புஜம், இப்ப நீ வா” என்று உத்தமன் எழப்போனார்.

“சார், எழுந்திருக்காதீங்க!”

அவருக்கு அடைத்திருந்த ரத்தக்குழாயில் மாலைக்குள் ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உத்தமன் பக்கத்துக் கட்டில்காரரிடம் ஆரம்பித்துவிட்டார்.

“என் வைஃபை நான் மட்டும் கரெக்டான நேரத்துல இங்கே கொண்டுவரலைன்னா, என் கதி என்ன ஆகியிருக்கும், சொல்லுங்க!”

“ஆமாமா” என்றபடி அம்புஜம் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்திலிருந்து ஓடிவந்த மகன் சஞ்சய் அவளை வராந்தாவுக்கு இழுத்துப்போனான். “அம்மா, அப்பா கலாட்டாவுல உன்னை எல்லாரும் மறந்துட்டாங்க. வா, உனக்கும் ஈ.சி.ஜி. எடுத்துடலாம். வலி இப்ப எப்படி இருக்கு?”

“எனக்கு எங்கேடா வலி? காலையில பாத்ரூம் வாசல்ல இடது தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னவர் உங்கப்பா, கேட்டா வாயுன்னார்” என்றாள் அம்புஜம். “பேஷண்ட்டா வாங்கன்னா வருவாரா? அதான் டாக்டரா கூட்டிட்டு வந்தேன்.”